வெள்ளையடிக்காத கிழக்குச் சுவர்

துக்க வீட்டுச் சுவரில் இத்தனை உயிர் இருக்கும் என்று நான் நினைத்துப் போகவில்லை. மருதை வீட்டுக் கிழக்குச் சுவர் முழுக்கத் துளைகள், பென்சில் நுழைகிற அளவுத் துளைகள். மாசி வெயில் ஏற ஏற ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. மீசையை ஆட்டியது, தடுமாறி வெளியே வந்தது, பறந்துவிட்டது. வயிற்றைச் சுற்றி நீல வரிகள். மயில் கழுத்தை மெல்லிசாக நறுக்கி ஒட்டிய மாதிரி இருந்தது.

"டேய் மருதை! ஓடி வாடா!" என்று கத்தினேன்.

மருதை வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். "பாம்பா?"

"பாம்பு கெடக்குது. இதைப் பாரு!"

அவன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஈக்காடா இந்தக் கத்து கத்துன? எழவு விழுந்த வீடுடா குத்பு. பக்கத்துல இருக்கறவங்க இன்னொண்ணு போயிருச்சுன்னு வந்து நிக்கப் போறாங்க."

நான் குத்புதீன். திருச்சி பெரிய கடைவீதியில் அத்தர் கடை வைத்திருக்கும் வீடு. மருதை என் காலேஜ் கூட்டாளி, ரெண்டு பேரும் ஜுவாலஜி. அவன் ஊர் வையம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டும், காட்டு ஓரம். எங்கள் வகுப்பில் எல்லாரும் பரீட்சைக்காகப் பூச்சிப் பெட்டி தயார் பண்ணுவார்கள். பட்டாம்பூச்சி, வெட்டுக்கிளி, வண்டு என்று குத்தி வைத்து, மார்க் வாங்கியதும் பெட்டியைப் பரணில் போட்டுவிடுவார்கள். எனக்குத் தேனீயில் ஆரம்பித்தது நிற்கவே இல்லை.

தேனீ என்றால் கூட்டமாக இருக்கும், ராணி இருக்கும், தேன் இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதெல்லாம் சில ஜாதிகள்தான். மிச்சமெல்லாம் ஒண்டிக்கட்டை. தானே தோண்டி, தானே பூந்தூள் சேர்த்து, ஒரு முட்டை வைத்து, வாயை அடைத்துவிட்டுச் செத்துப்போகிற ஜாதிகள். ஒன்று துவரை இலையை வட்டமாக நறுக்கிக்கொண்டு போய் அறைக்கு மெத்தை போடும். ஒன்று பட்ட மரத்தில் துளை போடும், நாம் கருவண்டு என்று சொல்வோமே, அதுவும் தேனீதான். கொசு அளவில் ஒன்று, மரப்பொந்தில் இருக்கும். சைக்கிளை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய், கொள்ளிடக்கரை வாழைத் தோப்புகளில் எத்தனை நாள் அலைந்திருக்கிறேன்! அங்கே நாலைந்து ஜாதிக்கு மேல் கண்ணில் படவில்லை. வாழை, வாழை, வாழை. வரப்பில் ஒரு தும்பைச் செடி இருந்தால் அங்கே கொஞ்சம் கூட்டம். மருதை ஊருக்கு வந்தால் புதருக்குப் புதர் வேறே வேறே. காட்டில் ஒரு கணக்கு, காட்டை ஒட்டின கொல்லையில் ஒரு கணக்கு, ஊருக்குள் ஒரு கணக்கு. அது ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது.

அது அறுபத்திரண்டு. அதற்கு முந்தின ஐப்பசியில்தான் மருதையின் அப்பா மூக்கன் இறந்தார். மழையில் இடிந்த கிணற்று மேட்டைச் சரி பண்ண இறங்கினார். ஊறியிருந்த பக்கம் அப்படியே சரிந்தது. மண்ணைத் தோண்டி அவரை வெளியே எடுக்க அந்தி ஆகிவிட்டது. அன்றைக்கு நானும் வந்திருந்தேன். அதற்கப்புறம் இப்போதுதான் வருகிறேன்.

சத்தம் கேட்டு மருதையின் அம்மா பொன்னுத்தாய் வெளியே வந்தார். அப்பா போனதிலிருந்து அம்மா யாரிடமும் பேசுவதில்லை என்று பஸ்ஸில் வரும்போது மருதை சொல்லியிருந்தான். சுவர் அருகே வந்து நின்றார்.

"என்ன தம்பி இது?"

எனக்கு வாய் நிற்கவில்லை. "தேனீம்மா. தனியா வாழற ஜாதி. கொட்டாது, பயப்படாதீங்க. காட்டுக்குள்ள ஓடைக்கரை மண்ணுல இருக்கறது. ஊருக்குள்ள வேற எந்த வீட்லயும் இல்ல, வர்ற வழியெல்லாம் பாத்துட்டுத்தான் வரேன். உங்க வீட்டுக்கு மட்டும்தான் வந்திருக்கு!"

"எங்க வீட்டுக்கு மட்டுமா?"

"ஆமாம்மா. விரட்டிடாதீங்க. இந்தச் சுவத்துல யாரையும் கை வைக்க விடாதீங்க."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். பக்கத்து வீட்டு இருளாயி வேலிக்கு அந்தப் பக்கம் முறத்தோடு நின்றுகொண்டிருந்தாள். "மண்ணு மூடுன மனுசன் வீடு. மண்ணுலேருந்து வருது பாரு, பொன்னுத்தாயி" என்றாள். காதில் விழுந்தது. நான் பூச்சி வலையைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அந்தச் சுவரில் இன்னொன்றையும் பார்த்தேன். கறுப்பு உடம்பு, அதில் வரி கிடையாது, நீலப் புள்ளிகள். இது மண் தோண்டாது, பூந்தூள் சுமக்காது. சும்மா சுவரோரம் மிதந்துகொண்டே இருக்கும். வரி ஈ வெளியே போகிற நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, தன் முட்டையை வைத்துவிட்டு வந்துவிடும். அந்தக் குஞ்சு உள்ளே இருக்கிற குஞ்சைக் கொன்று, அதற்கு வைத்த சாப்பாட்டையும் தின்று வளரும். குயில் பண்ணுகிற வேலைதான். எனக்கு அதையும் பிடித்திருந்தது. எனக்கு எல்லாமே பிடித்திருந்தது.

ஏன் இந்த வீட்டில் மட்டும்? ரெண்டு நாள் ஊரைச் சுற்றிச் சுவர் சுவராகத் தடவிப் பார்த்த பிறகு பிடிபட்டது. தைக்கு முன்னால் ஊரே சுவருக்கு மண் பூசி, மேலே வெள்ளையடிக்கிறது. காட்டிலிருந்து வருகிற ஈக்கள் கோடையிலும் அதற்கப்புறமும் எல்லா வீட்டுச் சுவரிலும்தான் முட்டை வைக்கின்றன. காலை வெயில் படுகிற காய்ந்த களிமண் அவற்றுக்குப் போதும், ஓடைக்கரையா வீடா என்று பார்ப்பதில்லை. குஞ்சுகள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்போது மார்கழிக் கடைசி வந்துவிடும். ஒரு விரல் கனத்துக்கு மண், அதன்மேல் சுண்ணாம்பு. அவ்வளவுதான், வெளியே வர முடியாது. துக்க வீட்டுக்குப் பொங்கல் கிடையாது. மண்ணும் கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது. அதனால் துக்க வீட்டில் மட்டும் மாசியில் சுவர் திறக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டதும் நான் செய்த காரியம், அக்கம்பக்கத்து ஊர்களில் எங்கே சாவு நடந்தது என்று விசாரித்துக்கொண்டு போனதுதான். மருங்காபுரிப் பக்கம் ஒரு டீக்கடையில் கேட்டேன்.

"இந்த ஊர்ல போன வருசம் யாராவது தவறினாங்களா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றது. "எதுக்கு? நீங்க எல்ஐசியா?"

"இல்லங்க. ஈ பாக்கணும்."

"ஈ பாக்க எழவு வீடா? ஏப்பா, இவரு டம்ளர வாங்கிக்க. மொதல்ல கெளம்பச் சொல்லு."

கிளம்பினேன். ஆனாலும் இன்னொரு துக்க வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன், அங்கேயும் துளைகள் இருந்தன.

பொன்னுத்தாயின் கத்தரிக் கொல்லை காட்டை ஒட்டினது. விடிகாலையில் அங்கே போய் உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. கத்தரிப் பூவில் தூள் குழாய்க்குள் இருக்கும், லேசில் கொட்டாது. கூட்டுத் தேனீ வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். இந்த நீல வரி ஈ பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கும். அதுவரை ஒரு சுருதியில் இருந்த சத்தம் சட்டென்று மேலே ஏறும். மாவு மாதிரி கொட்டும். சாயங்காலம் ஆண் ஈக்கள் காய்ந்த புல் தண்டை வாயால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தொங்கித் தூங்கும். அந்த வருடம் கொல்லையில் காய் நன்றாக இருந்தது. சுவரால்தான் என்று நான் சொல்ல மாட்டேன், மழையும் நன்றாக இருந்தது. ஆனால் பொன்னுத்தாய் அப்படித்தான் நினைத்தார். பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

*

மார்கழியில் மருதை காலேஜ் மரத்தடியில் என்னைப் பிடித்தான். முகம் சரியில்லை.

"எங்கம்மா சுவத்தப் பூச விடமாட்டேங்குதுடா."

"எந்தச் சுவத்த?"

"உன் சுவத்ததான். அப்பா போயி வருசம் திரும்பியாச்சு. சாமி கும்புட்டாச்சு. இந்தத் தைக்குப் பொங்கல் வைக்கணும்னு சித்தப்பா சொல்றாரு. மூணு பக்கம் பூசியாச்சு. கெழக்குப் பக்கம் போனா அம்மா குறுக்க படுத்துக்குது."

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை அவன் பார்த்துவிட்டான்.

"சிரிக்காத. வள்ளி கல்யாணம் நிக்குது."

வள்ளிக்கண்ணு மருதையின் தங்கச்சி. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிற பிச்சமுத்துவுக்குப் பேசி வைத்திருந்தார்கள். அப்பா போனதில் கல்யாணம் நின்றது. அவர்கள் ஒரு வருடம் காத்திருந்தார்கள். தை பிறந்ததும் வீட்டுக்கு வந்து நாள் குறிக்கிறதாகப் பேச்சு.

வீட்டுக்குப் போய் என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பெயர் ஷரபுன்னிசா. அத்தா மவுத்தானபோது நான் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பூ கட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "புருசன் மவுத்தானா இருக்கற இத்தா, நானும் இருந்தேன்ல" என்றது. "அந்த நாலு மாசமும் வாசப்படி தாண்டல. முடிஞ்ச அன்னிக்கு உங்க நன்னி கதவத் தெறந்து விட்டுட்டு, போம்மான்னாங்க. எனக்குப் போகவே மனசில்ல. உள்ளயே இருந்துறலாம்னு இருந்துச்சு. ஒரு நாளு குறிச்சு வெச்சிருந்ததாலதான் வெளிய வந்தேன். அந்தம்மாவுக்கு அந்த நாளு தாண்டிப் போச்சு, பாவம். நீ ஏதாவது பேசி வெச்சியா அங்க?"

"நான் ஒண்ணும் பேசலையே."

"நீயா பேசாம இருப்ப?"

*

மறுநாளே மருதையோடு ஊருக்குப் போனேன். வாசலில் அவன் சித்தப்பா சின்னையா களிமண்ணைக் குழைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க பாயி. சுவத்துக்குச் சொந்தக்காரரு வந்துட்டாரு. அண்ணி, உங்க வக்கீலு வந்திருக்காரு!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

வீட்டைப் பார்த்தேன். மூன்று பக்கம் பளீரென்று வெள்ளை. கிழக்குப் பக்கம் மட்டும் பழைய மண், வெடிப்பு, துளைகள். துளைகளின் வாய் எல்லாம் மண்ணால் அடைத்திருந்தது. உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன என்று அர்த்தம். சுவரடியில் ஒரு வாழையிலைத் துண்டில் சோறு, காய்ந்து போயிருந்தது.

கத்தரிக் கொல்லையில் வள்ளிக்கண்ணு காய் பறித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்தாள்.

"அண்ணே, போன வருசம் எங்கம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"எதப் பத்தி?"

"சுவத்துல யாரையும் கை வைக்க விடாதீங்கன்னு சொன்னீங்கள்ல? சொல்லிட்டு நீங்க பஸ் ஏறிட்டீங்க. எங்கம்மா தெனமும் அந்தச் சுவத்துக்குச் சோறு வெக்குது."

சுவரடியில் பார்த்த காய்ந்த சோறு நினைவுக்கு வந்தது.

"மொதல்ல இருளாயிக்கா கெளப்பிவிட்டதுன்னு இருந்தேன். அப்புறம் பாத்தா, 'காலேஜுப் புள்ளையே சொல்லிருச்சு, நம்ம வீட்டுக்கு மட்டும்தான் வந்திருக்குன்னு'ங்குது. அப்பாதான் வந்திருக்காராம். மண்ணுக்குள்ள போனவரு மண்ணுலேருந்து வந்துட்டாராம்."

"நான் ஈயப் பத்தித்தானே சொன்னேன், வள்ளி."

"எழவு வீட்ல நின்னுக்கிட்டுச் சொன்னீங்க. அது எப்புடி எடுத்துக்கும்?" அவள் கை கத்தரி முள்ளைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. "அரியமங்கலத்து அத்தை சொல்லி அனுப்பிருச்சு. வெள்ளையடிக்காத வீட்ல துக்கம் தீரல, அங்க வந்து கை நனைக்க மாட்டோம்னு. அவரு காத்துக்கிட்டு இருப்பாரு. அவங்கம்மா விடாது. சுவரு வெள்ளையாகலன்னா எனக்கு அந்த வீடு இல்ல." ஒரு காயைக் கிள்ளிக் கூடையில் போட்டாள். "எனக்கு அந்த வீடு வேணும்ணே. நீங்க சொன்னாத்தான் எங்கம்மா கேக்கும். பூசச் சொல்லுங்க."

"பூசினா உள்ள இருக்கறது எல்லாம்..."

"தெரியும். நான் மட்டும் பாக்கலையா? இந்தச் செடியில எந்தப் பூவுக்கு எப்ப வரும்னு எனக்கும் தெரியும். அதுங்களக் கொல்ல எனக்கு மட்டும் ஆசையா?" கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் வரப்பில் உட்கார்ந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து இந்தக் காட்டு ஓரம் வரைக்கும் நான் பார்த்த சுவர்களில் இதைப் போல ஒன்று கிடையாது. இதை மூடச் சொல்ல நானே போக வேண்டும்.

*

சாயங்காலம் பொன்னுத்தாய் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, நான் போன வருசம் பாதிதான் சொன்னேன். மீதிய இப்பச் சொல்றேன். உங்க வீட்டுக்கு மட்டும் வந்ததா சொன்னேன்ல? அப்படி இல்லம்மா. எல்லா வீட்டுக்கும் வருது. எல்லாரும் தையில பூசிடறாங்க. அதுங்க உள்ளேயே செத்துருது. நீங்க பூசல. அதான் வெளிய வந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப வருசா வருசம் நாங்க கொன்னுக்கிட்டுத்தான் இருந்தோமா?"

"தெரியாமத்தானேம்மா."

"இந்தச் சுவத்த அவருதான் பூசுவாரு. என்னைத் தொட விடமாட்டாரு. உனக்கு மட்டம் வராது, போடீம்பாரு."

இதோ புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். அவர் துளைகளைத் தடவிக்கொண்டே, "அடைச்சவரே வந்து தெறந்து விட்டுட்டாரு போல" என்றார்.

காலேஜில் இதற்கெல்லாம் பதில் சொல்லித் தருவதில்லை. என் அம்மா இத்தா இருந்ததைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லத் தோன்றியது.

"முடிஞ்ச அன்னிக்கு உங்கம்மா என்ன பண்ணுச்சு?"

"கடைக்குப் போயி அத்தா உக்கார்ற எடத்துல உக்காந்துச்சு. மொத நாளு யாவாரம் ஒண்ணும் ஆகல. சாயங்காலம் கடைய நல்லாக் கூட்டிட்டு வந்துச்சு."

பொன்னுத்தாய் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

நான் பேனாக் கத்தியை எடுத்து, சுவர் ஓரத்தில் வெடித்திருந்த ஒரு கட்டியைப் பெயர்த்தேன். உள்ளே கட்டைவிரல் நகம் அளவில் ஓர் அறை, வழவழவென்று மெழுகின மாதிரி. அதில் வெள்ளையாக, சுருண்டு, அசையாமல் ஒரு புழு. கட்டியோடு அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இதுவா அது?"

"இதுதான். போன மாசியில பறந்ததோட புள்ள."

அவர் அந்தக் கையை மூடவும் இல்லை, விலக்கவும் இல்லை. "உசுரு இருக்கா?"

"இருக்கும்மா. தூங்குது."

"வள்ளி உன்கிட்ட அழுதாளா?"

"அழுவல. திட்டுச்சு."

முதல் தடவையாக அவர் உதட்டில் ஏதோ அசைந்தது. "அவ அப்பன் மாதிரி" என்றார். பிறகு, "பூசித்தான் ஆகணும். இதுங்கள என்ன பண்றது?"

எனக்கு அப்போதுதான் தோன்றியது. "சுவத்தோட மேல் மண்ண வெட்டி எடுத்துரலாம்மா. கட்டி கட்டியா. ஓடைக்கரையில இதுங்க இருக்கற எடம் இருக்கு, அங்க கொண்டு போயி வெச்சிரலாம். சுவருக்குப் புது மண்ணு போட்டுக்கலாம்."

"அங்க வெச்சா வெளிய வருமா?"

"தெரியலம்மா."

"போன வருசம் எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுன?"

"ஆமாம்மா."

அவர் அந்தக் கட்டியைப் பழைய இடத்திலேயே பொருத்தி, எச்சில் தொட்டு மண்ணைத் தடவி மூடினார். "நாளைக்கு வெட்டுங்க" என்றார்.

*

விடிந்ததும் மருதையும் நானும் கடப்பாரையால் மேல் மண்ணைப் பலகை பலகையாகப் பெயர்த்தோம். பெயரும்போது பாதி உடைந்தது. உடைந்ததில் அறைகள் திறந்து, புழுக்கள் மண்ணில் உருண்டன. கோழி ஓடி வந்தது. வள்ளிக்கண்ணு கோழியை விரட்டினாள், விரட்டிக்கொண்டே அழுதாள். அவள் எதற்கு அழுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

"சுவத்த வெட்டி ஊர்கோலம் போற ஊரு இதுதான்" என்றார் சின்னையா. "பாயி, அடுத்த வருசம் கூரையா?" அப்படிச் சொல்லிக்கொண்டே, பெயர்த்ததிலேயே பெரிய பலகையைச் சாக்கு விரித்துத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

ஓடை வறண்டிருந்தது. கிழக்கு பார்த்த கரை ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நின்றது. நான் காட்ட வேண்டியிருக்கவில்லை. கரை முழுக்கத் துளைகள். நீல வரியின் அடைத்த வாய்கள், பக்கத்தில் அதைவிடச் சிறிய துளைகள், மேலே வேர்களுக்கு நடுவே புகை போக்கி மாதிரி மண்குழாய் வைத்த ஒன்று. சாய்ந்து கிடந்த பட்ட மரத்தில் கருவண்டு போட்ட துளை. பொந்தில் கொசுத் தேனீ பிசினால் கட்டின வாசல். மருதை அந்த ஓடையில் பிறந்ததிலிருந்து விளையாடியவன். "இதெல்லாம் இங்கதான் இருந்துச்சாடா?" என்றான்.

மேல்கரை துருத்திக்கொண்டிருக்கிற இடத்தில், மழை படாதபடி பலகைகளை நிறுத்தி, ஈரமண் வைத்து ஒட்டினோம். பொன்னுத்தாய் தன் மடியில் ஒரு கட்டியைக் கொண்டு வந்திருந்தார், நான் நேற்றுப் பெயர்த்த அதே கட்டி. அதை அவரே வைத்தார். சின்னையா தலையில் இருந்த சாக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

போகி அன்றைக்குக் கிழக்குச் சுவரும் வெள்ளையாயிற்று. மட்டம் சரியில்லை என்றும், அதைப் பொன்னுத்தாயே பூசினார் என்றும் மருதை பிறகு சொன்னான். தை பிறந்து அரியமங்கலத்திலிருந்து பிச்சமுத்துவின் அம்மா அமிர்தம் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கை நனைத்தார். மாசியில் நாள் குறித்தார்கள்.

*

கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில். பெண்ணை அழைத்துக்கொண்டு எல்லாரும் காலை பஸ்ஸில் திருச்சிக்குப் போக வேண்டும். நான் முதல் நாளே வந்திருந்தேன். வையம்பட்டி ரோட்டுக்கு மூட்டை முடிச்சோடு எல்லாரும் வந்துவிட்டார்கள். பொன்னுத்தாயைக் காணோம்.

"நான் வந்து எதுக்கு எதிர்ல நிக்கணும், தாலி இல்லாதவ. நீங்க போயிட்டு வாங்கன்னு நேத்தே சொல்லிருச்சு" என்றார் சின்னையா.

"அம்மா வராம நான் ஏறமாட்டேன்" என்றாள் வள்ளிக்கண்ணு. பட்டுச் சேலையில் மண் பட மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

பஸ் வந்து நின்றது. "ஏறும்மா கல்யாணப் பொண்ணு, மாப்பிள்ள மனசு மாறிறப் போறாரு!" என்று கண்டக்டர் கத்தினார். அவள் அசையவில்லை. மருதை டிரைவரிடம் கெஞ்சப் போனான். எனக்கு அவர் எங்கே இருப்பார் என்று தெரியும். ரோட்டோரம் நின்ற ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் பறந்தேன்.

கரையில் உட்கார்ந்திருந்தார். கண் பலகையில் இருந்தது.

"அம்மா, பஸ் நிக்குது. வள்ளி ஏறமாட்டேங்குது."

"சத்தம் போடாத தம்பி. வருது."

அவர் வைத்த கட்டியில் மண் மூடி உடைந்து ஓர் ஓட்டை திறந்திருந்தது. உள்ளே ஏதோ நகர்ந்தது. பஸ்ஸின் ஹார்ன் தூரத்தில் கேட்டது. அவரைக் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். என்னாலும் முடியவில்லை. நானும் குனிந்தேன்.

மீசை முதலில் வந்தது. தலை வந்தது. கால்களால் ஓரத்தைப் பற்றி, உடம்பை இழுத்து, வெயிலில் வந்து நின்று இறக்கையைத் தேய்த்தது.

பொன்னுத்தாய் இன்னும் கிட்டே போனார். "தம்பி, இதுல வரியக் காணோம்."

"ஆமாம்மா."

"புள்ளி இருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார்.

"இது வேற ஜாதிம்மா. இது கூடு கட்டாது. வரி ஈ அடைக்கறதுக்கு முன்னாடி உள்ள போயி முட்ட வெச்சிரும். நாம அன்னிக்குப் பாத்தது இதோட புழுதான் போல. எனக்கு அப்பத் தெரியல."

"அப்ப வரி ஈயோட புள்ள?"

"அத இது தின்னுருச்சும்மா. எப்பவோ."

"மத்த கட்டியில?"

"வரலாம். வராமலும் போகலாம்."

புள்ளி ஈ பறந்தது. கொஞ்ச தூரம் போய், கரையோரம் ஒரு தடவை மிதந்துவிட்டு, காட்டுப் பக்கம் போயிற்று. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹார்ன் மறுபடியும் கேட்டது.

"அவரு இல்ல" என்றார்.

அவர் என்னிடம் கேட்கவில்லை.

"எவ்வளவு அழகா இருக்கு, சனியன்" என்றார் பிறகு. முட்டியில் கை ஊன்றி எழுந்தார். சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார், இரண்டு மூன்று தடவை, அழுத்தி. "நான் இங்க குந்திக்கிட்டு இருக்கேன். அவ அங்க வெயில்ல உக்காந்திருக்கா. சைக்கிள மிதிக்கத் தெம்பு இருக்கா உனக்கு?"

"ஏறுங்கம்மா."

பின்னால் உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

பஸ் புறப்படுகிற மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. அம்மா வராமல் பஸ் கிளம்பாது என்று சத்தியம் பண்ணி மருதை தங்கச்சியை உள்ளே ஏற்றி உட்கார வைத்திருந்தான். சன்னல் வழியாக அவள் முகம் ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. பொன்னுத்தாய் படியில் கால் வைத்து, ஒரு கணம் தயங்கி, உள்ளே ஏறினார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

வள்ளிக்கண்ணு பக்கத்துச் சீட்டில் வைத்திருந்த மூட்டையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.